கரையோரத்துக்கு ஒரு வரவு இடாப்பு

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நிற்பது ஒருவர் என்றாலும் பேசுவது ஒரு வகுப்பு. 1990களில் இக்கல்லூரியில் ஒன்றாகப் படித்து, இன்றும் யாழ்ப்பாணத்திலேயே வேலை செய்து வாழும் ஆறு பேர் நாங்கள். இருவர் வைத்தியர்கள், மூவர் ஆசிரியைகள், ஒருவர் அரச அலுவலகமொன்றில் கடமையாற்றுபவர். கடந்த 6 வருடங்களாக, தென்மராட்சியில் கடனீரேரியை அண்டிய ஓர் ஊரின் சிறு குழுவோடு சேர்ந்து, அந்தக் கரையைக் காக்கும் வேலையில் தொண்டர்களாக நிற்கிறோம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், காலை 6 மணியிலிருந்து வெயில் ஏறும்வரை.

இதைப்பற்றி நூற்றாண்டு விழாவில் பேச என்ன இருக்கிறது என்று தயங்கினோம். விழாக் குழுவினர் விடவில்லை. உங்களிற் பலர் கேட்ட ஒரு கேள்விக்கு நாங்கள் இன்னும் முழுமையாக மறுமொழி சொல்லவில்லை என்பதை நினைவூட்டினார்கள். அந்தக் கேள்வி இதுதான்: "நூற்றாண்டு நினைவாக அந்தக் கரையில் 10,000 கண்டல் கன்றுகள் நடக் காசு தருகிறோம் என்றோம். ஏன் வேண்டாம் என்றீர்கள்?" எங்கள் உரை அதற்கான மறுமொழி.

முதலில் அந்தக் குழுவைப்பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்ப்பலகை இல்லை, அலுவலகம் இல்லை, வாகனம் இல்லை. சனசமூக நிலையத்தின் வாசிகசாலை வாங்குதான் கூட்டம் நடக்கும் இடம். சிறகுவலைத் தொழில் செய்யும் நாலைந்து பேர், மட்டி பொறுக்கும் பெண்கள் சிலர், மாடு வளர்க்கும் இரண்டு குடும்பங்கள், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் சிலர். எங்களையும் சேர்த்து ஒழுங்காக வருகிறவர்கள் 20 பேரளவில். தலைவர் என்று ஒருவரும் இல்லை. கொப்பி வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கொப்பியைப்பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

அவர்கள் காக்கும் நிலம் எது? காடு என்றதும் எங்கள் மனம் வன்னிக்கோ வில்பத்துக்கோ போகும். குடாநாட்டில் பெருங்காடு இல்லை. இங்கே இருப்பது தரவை. மாரியில் தண்ணீர் நின்று, கோடையில் உப்புப் பூத்து வெடிக்கும் வெளி. அதன் ஓரத்தில் உமரியும் தாழையும் பற்றையும். கடனீரேரிப் பக்கமாகக் கண்டல். கண்டலுக்கு முன்னால், நீர் வற்றும் காலத்தில் வெளியே தெரியும் சேற்று வெளி. சரசாலைக் குருவிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு இப்படியான நிலத்தின் முகம் பழக்கமாயிருக்கும்.

இதில் தோட்டம் செய்ய முடியாது, வீடு கட்டுவதும் கடினம். ஆகவே ஊரில் இதற்குச் "சும்மா கிடக்கிற காணி" என்று பெயர். சும்மா கிடக்கிற காணிக்கு என்னென்ன நடக்குமோ அதெல்லாம் இதற்கும் நடக்கிறது. இரவில் உழவு இயந்திரத்தில் குப்பை வந்து கொட்டுப்படுகிறது. மண் அள்ளப்படுகிறது. கண்டல் விறகாகிறது. எல்லை வேலி வருடத்துக்கு ஓரடி முன்னால் நகர்கிறது.

உண்மையில் அது சும்மா கிடக்கவில்லை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. எங்கள் கிணறுகளில் ஊறுவது அந்த நீர்தான். குளங்களும் தாழ்ந்த வெளிகளும் மழைநீரைச் சில வாரங்கள் தடுத்து வைத்திருக்கும்போது நிலத்துக்குள் இறங்கும் நீர் கூடுகிறது, வீட்டுக்குள் வரும் வெள்ளம் குறைகிறது. கண்டல் வேர்களுக்கிடையில் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. இவ்வளவு வேலை செய்யும் நிலத்துக்கு ஒரு நல்ல பெயர் வைக்க நாம் தவறிவிட்டோம், அவ்வளவுதான்.

இனி உங்கள் யோசனைக்கு வருகிறோம். அது வந்த அன்றே எடுத்துக்கொண்டு போய் வாசிகசாலையில் வாசித்தோம். ரொரன்ரோ, லண்டன், சிட்னிக் கிளைகள் சேர்ந்து அன்போடும் கவனத்தோடும் எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு கன்றிலும் ஒரு பழைய மாணவியின் பெயர், வருடாவருடம் அதற்கு ஒரு படம். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். நடும் இடமாகக் காட்டியிருந்தது அந்தச் சேற்று வெளியை. சிறகுவலைத் தொழில் செய்யும் ஐயா ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"பிள்ளையள், உது வெறும் சேறெண்டு ஆர் சொன்னது? உதிலை மரத்தை நட்டா, வாற குருவியள் எங்கை போய்த் தின்னுறது?"

வைத்தியர்கள் ஒரு நோயாளியைப் பார்க்கும்போது, மருந்து எழுத முன்னர் அவர் என்ன சாப்பிடுகிறார், எப்படி உறங்குகிறார் என்று கேட்பதுண்டு. அந்த ஐயா கேட்டதும் அப்படியான கேள்விதான். ஐப்பசியில் தொடங்கிச் சித்திரை வரை வடக்கிலிருந்து வரும் உள்ளான் வகைகள் அந்தச் சேற்றிலுள்ள புழுவையும் சிறு கூனியையும் தின்றுதான் உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்புகின்றன. பூநாரையும் அந்த ஆழமில்லாத நீரில்தான் மேய்கிறது. அங்கே மரம் எழும்பினால் அந்தப் பறவைகளுக்கு இரை தேட இடமில்லை. மட்டி பொறுக்கும் பெண்களுக்கும் வருமானம் இல்லை.

அந்தப் பறவைகள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றன என்பதற்கு ஓர் உதாரணம். 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்காகத்தின் முதுகில் செய்மதிக் கருவி பூட்டி விட்டார்கள். அது ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைக்குப் போய், மீண்டும் மன்னாருக்கே வந்து சேர்ந்தது. போகவர 19,000 கிலோமீற்றருக்கு மேல். பிற தேசத்தில் குடும்பம் நடத்தி, ஒவ்வொரு மாரிக்கும் வடக்குக் கரைக்கு வருகிற உயிர் அது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஐயாவின் கேள்வியோடு அந்த விஞ்ஞான ஆசிரியர் இன்னொன்றையும் எடுத்துச் சொன்னார். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரையெங்கும் கண்டல் நடும் வேலை பெருமெடுப்பில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நல்ல மனத்தோடு நடந்த வேலை. பின்னாளில் இலங்கை, பெல்ஜிய ஆய்வாளர்கள் சேர்ந்து 23 நடுகை இடங்களைப் போய்ப் பார்த்தார்கள். 2017இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நடப்பட்டதில் தப்பியது 200 முதல் 220 ஹெக்டேர் மட்டும். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நீர் மட்டத்துக்குப் பொருந்தாத இடத்தில் நட்டது, இடத்துக்கு ஒவ்வாத இனத்தை நட்டது, மாடு மேய்ந்தது, நட்ட பின்னர் ஒருவரும் திரும்பிப் பாராதது என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயரம் ஒரு மீற்றரும் இல்லை. ஆகவே கன்று ஒரு சாண் பள்ளத்தில் நின்றாலும் அதன் வேர் மூச்சுத் திணறிப்போகும்.

அந்தப் பட்டியலில் எங்களை உறைய வைத்தது கடைசிக் காரணம்தான். நீரிழிவு கிளினிக்கில் இருபது வருடமாக நாங்கள் காண்பதும் அதுவே. மருந்தை எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த மனிதர் அடுத்த மாதமும், அதற்கடுத்த வருடமும் வருகிறாரா, காலைக் கழற்றிக் காட்டச் சொன்னால் புண் இல்லாமல் இருக்கிறதா என்பதில்தான் அவர் கால் தப்புவதும் தப்பாததும் இருக்கிறது. நடுகை விழா, மருந்து எழுதும் அந்த ஐந்து நிமிடம் மாதிரி.

அப்படியென்றால் கண்டலுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லையா? தேவைதான். கண்டல் இனங்கள் சிலவற்றில் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்ட காயாகித் தொங்கி, பின்னர் நீரில் விழுந்து பொருந்திய இடத்தில் ஊன்றிக்கொள்ளும். தாய்மரம் பக்கத்தில் இருந்து, தண்ணீர் வந்துபோக வழியும் இருந்தால், நடுகிற வேலையை அதுவே செய்துவிடும். எங்கள் கரையில் ஒரு துண்டு நிலத்தில் மதகு ஒன்று பொலித்தீனால் அடைபட்டுக் கிடந்தது. அதைத் துப்புரவாக்கினோம். மாடு வளர்க்கும் இரண்டு குடும்பங்களும் தங்களுக்குள் பேசி, மாரி முடியும்வரை மாடுகளை மற்றப் பக்கத்துத் தரவைக்கு ஓட்டின. இரண்டு மாரி கழிய, ஒருவரும் நடாத கண்டல் அங்கே முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதற்குப் பெயர் அட்டை கட்ட முடியாது. யாருடைய மரம் என்று கேட்டால், மாட்டை மறித்த இரண்டு வீட்டாரின் மரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என்னதான் செய்கிறோம் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் குப்பை பொறுக்குகிறோம். பொலித்தீன், உடைந்த போத்தல், குழந்தைகளின் பம்பர்ஸ், கிழிந்த தங்கூசி வலை. ஒவ்வொன்றும் எத்தனை பை என்று கொப்பியில் ஏறும். ஒரு நாள் மட்டி பொறுக்கும் அம்மா ஒருவரின் பாதத்தில் ஊசி ஏறியது. இன்சுலின் ஊசி. எந்த வைத்தியசாலையும் கொட்டியதல்ல, வீட்டுக் குப்பையோடு வந்தது. வீட்டில் இன்சுலின் ஏற்றுகிறவர்கள் ஊசியை எங்கே போட வேண்டும் என்று யாரும் அவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த அம்மாவுக்கு ஏற்புத் தடுப்பூசி போட்டு, கல்லீரல் அழற்சிக்கான இரத்தப் பரிசோதனையும் செய்தோம். நல்ல காலம், ஒன்றும் இல்லை. அதற்குப் பின்னர், எங்களிடம் இன்சுலினுக்கு வரும் ஒவ்வொருவருக்கும், பாவித்த ஊசியை மூடியுள்ள தடித்த பிளாத்திக்குப் போத்தலில் சேர்த்து எங்களிடமே திருப்பித் தரும்படி சொல்கிறோம். கரையில் ஊசி காண்பது இப்போது அரிது. அதுவும் கொப்பியில் இருக்கிறது.

குப்பை கொட்டும் உழவு இயந்திரத்தை மறித்துச் சண்டை பிடிப்பது எங்கள் வழக்கமல்ல. திகதி, நேரம், இடம், படம் என்று எழுதி, பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கிராம அலுவலருக்கும் ஒரே கடிதத்தின் பிரதிகளைக் கொடுக்கிறோம். மறுமொழி வராவிட்டால் அடுத்த மாதம் இரண்டாவது கடிதம். நான்காவது, ஐந்தாவது கடிதத்துக்குப் பிறகுதான் ஓர் ஒழுங்கைக்குக் குறுக்கே தடை போட்டார்கள். கொட்டுகிறவர்கள் வேறு ஒழுங்கையைப் பிடித்தார்கள். நாங்களும் அந்த ஒழுங்கைக்கு மாறினோம்.

தை மாதத்தில் ஒரு முக்கியமான நாள் உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் தொண்டர்கள் தத்தம் ஊர் நீர்நிலையில் நின்று பறவைகளை எண்ணுவார்கள். இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தை நிலைக்களமாகக் கொண்டு 1976இல் தொடங்கிய பறவையியல் களக்குழு இதை ஒழுங்குபடுத்தி வருகிறது. நாங்களும் அதே மாதத்தில் எங்கள் கரையை எண்ணி எழுதுகிறோம். உயர்தரப் பிள்ளைகள் இரண்டு பேர் எண்ணுவார்கள், ஒருவர் எழுதுவார். இரு எண்ணிக்கைகளும் ஒத்துவராவிட்டால் திரும்ப எண்ண வேண்டும். உயிரியல் பரீட்சையில் எழுதும் எந்தக் கட்டுரையும் இவ்வளவு பொறுமையை அவர்களுக்குக் கற்பிக்காது.

இந்த இடத்தில் ஒரு சங்கடமான விடயத்தையும் சொல்லியாக வேண்டும். "பாதுகாப்பு" என்ற சொல்லைக் கேட்டால் வடக்கில் பலருக்கு நெஞ்சு திக்கென்கிறது. போருக்குப் பின்னர் ஊருக்குத் திரும்பியவர்களில் எத்தனையோ பேர், தாங்கள் முன்பு செய்த வயலும் மேய்ச்சல் நிலமும் வரைபடத்தில் காடாகவோ சரணாலயமாகவோ மாறியிருப்பதைக் கண்டார்கள். ஆகவே ஒரு பலகையோடு கரைக்குப் போனால் ஊர் எங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயம். மறுபக்கம், வர்த்தமானி இல்லாமலும் முடியாது. சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசிய பூங்காவானது. மன்னாரில் வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் சாசனத்தின் கீழ் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமானது. இவை இல்லாவிட்டால் இன்று எஞ்சியிருப்பது இன்னும் குறைவாக இருந்திருக்கும்.

ஆனால் வர்த்தமானியில் கீறிய கோடு வர்த்தமானியாலேயே அழியவும் கூடும். விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனமானது. 2024இல் நீருயிரின வளர்ப்புக்காக அதன் ஒரு பகுதியை விடுவிக்கும் வர்த்தமானி வந்தது. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. அப்படியான நாளில் நீதிமன்றத்தில் என்ன கேட்பார்கள்? அங்கே என்ன இருந்தது, எப்போது இருந்தது, யார் பார்த்தார்கள் என்றுதான் கேட்பார்கள். அதற்கு ஊரவர் கையிலேயே பதில் இருக்க வேண்டும். அந்தக் கொப்பி அதற்காகத்தான். ஊரின் தொழிலாளரும் மாட்டுக்காரரும் தாங்களே எழுதிய கொப்பி என்றால், பாதுகாப்பு என்ற பெயரில் அவர்களை வெளியே தள்ளுவதும் இலகுவல்ல.

எங்களை அந்த ஊரோடு சேர்த்தது ஒரு பழைய கடன். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்கள் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த பிள்ளைகள். அந்த ஊர்ப் பாடசாலை காலையில் தங்கள் பிள்ளைகளுக்கும் மாலையில் எங்களுக்கும் வகுப்பறையைத் தந்தது. வகுப்பறை போதாதபோது மரநிழல். எங்கள் ஆசிரியைகள் பலர் வீட்டிலிருந்து உடுபிடவை எடுத்து வந்தார்களோ இல்லையோ, வரவு இடாப்பை எடுத்து வந்திருந்தார்கள். முதல் நாள் பெயர் கூப்பிட்டபோது பாதிக்கு மேல் மறுமொழி இல்லை. ஆசிரியை ஒரு பெயரையும் வெட்டவில்லை. அடுத்த நாளும் அத்தனை பெயரையும் கூப்பிட்டார். வரவர ஒவ்வொருவராக வந்து சேர்ந்தோம்.

இந்தக் கல்லூரிக்கு 100 வயது ஆனதைப்பற்றி இன்று பலரும் பேசினார்கள். கட்டடம் இல்லாத நாளிலும் அது கல்லூரியாகவே இருந்ததற்குக் காரணம், நாளாந்தம் பெயர் கூப்பிட ஒருவர் இருந்ததுதான். கரையில் எங்களுக்குத் தெரிந்ததும் அந்த வேலையே. இந்த வருடம் எந்தப் பறவை வந்தது, எது வரவில்லை, எங்கே கண்டல் முளைத்தது, எங்கே வெட்டினார்கள் என்று பெயர் கூப்பிடுகிறோம்.

எங்கள் கவலை ஒன்றையும் உங்களிடம் சொல்லாமல் போக மாட்டோம். எண்ணப் பழகிய பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை முடிய, பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஐயாமாருக்கு வயதாகிறது. கொப்பி வைத்திருப்பவருக்குப் பார்வை மங்கிவிட்டது. கண்ணில் சத்திரசிகிச்சைக்கு நாள் எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் மூன்று. முதலாவது, 10,000 கன்றுக்கென்று நீங்கள் ஒதுக்கிய பணத்தை ஒரே நாளில் செலவழிக்க வேண்டாம். அதைப் பத்து வருடங்களுக்குப் பங்கிட்டுத் தாருங்கள். குப்பை ஏற்ற உழவு இயந்திர வாடகை, கையுறை, சப்பாத்து, எங்கள் கல்லூரியின் விஞ்ஞான மன்றத்துக்கு நாலு தொலைநோக்கி. இவை படம் பிடித்துப் போட அழகான செலவுகள் அல்ல. வருடாவருடம் தேவைப்படுபவை.

இரண்டாவது, தை மாதத்தில் ஊருக்கு வருகிறவர்கள் ஒரு காலைப்பொழுதை எங்களுக்குத் தாருங்கள். பறவைப் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

மூன்றாவது, நீங்கள் வாழும் ஊரிலும் இப்படியொரு குழு இருக்கும். ரொரன்ரோவில் நம்மவர் செறிந்து வாழும் ஸ்கார்பரோவின் பக்கத்திலேயே ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது. சிட்னியில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, தன் வீட்டுக்குப் பக்கத்துப் பற்றைக்காட்டில் களை பிடுங்கப் போகிறாள். அவள் சொல்லித்தான் பிராட்லி சகோதரிகளைப்பற்றி அறிந்தோம். 1960களில் சிட்னியின் மொஸ்மன் பகுதியில் ஜோன், ஐலீன் என்ற அந்த இரு பெண்களும், காடு நன்றாக இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி, களையைச் சிறிது சிறிதாகக் கையால் பிடுங்கி, காடு தானாக மீண்டு வரும் வேகத்துக்கே தாங்களும் நகர்ந்தார்கள். அவசரப்பட்டு முன்னே போகவில்லை. இன்று அவுஸ்திரேலியத் தொண்டர்கள் பலர் பின்பற்றுவது அந்த முறையை.

அடுத்த கணக்கெடுப்பு வருகிற ஜனவரியில். காலை 6 மணிக்கு வாசிகசாலையில் கூடுவோம். தேநீர் ஊரவர் தருவார்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் நீங்கள் கொண்டு வாருங்கள். கொப்பியில் எண்ணுபவர், எழுதுபவர் என்று இரண்டு நிரல்கள் இருக்கின்றன. அடுத்த வருடத்துக்குரிய பக்கத்தில் அவை இரண்டும் இன்னும் நிரப்பப்படவில்லை.